சூளைப் பிள்ளைகளின் படம்

கேமரா என் கைக்கு வந்தபோது எனக்குப் பயமில்லை. வீட்டில் மற்றவர்களுக்குத்தான் இருந்தது. என் வீட்டுக்காரர் வேலை பார்த்த கம்பெனியில், லீவு போடாமல் வந்தவர் என்று ஒரு விழா வைத்து அதை அவருக்குக் கொடுத்தார்கள். உள்ளங்கையில் அடங்குகிற கறுப்புப் பெட்டி. அவர் அதைப் பீரோவில் வைத்துத் துணி போட்டு மூடினார்.

"தொட்டுறாத. கெட்டுப்போச்சுன்னா ரிப்பேர் பண்ண ஆளில்ல. நம்மள மாதிரி ஆளுங்க வெச்சிக்கிற சாமானா இது?"

அவர் ஷிப்டுக்குப் போனதும் எடுத்துப் பார்த்தேன். கண்ணை வைத்துப் பார்க்கிற சின்ன ஓட்டைக்குள் எங்கள் தெரு முழுவதும் இருந்தது. தண்ணீர் லாரி, குடம், சண்டை எல்லாம். நேரில் பார்க்கும்போது அந்தத் தெரு எனக்குப் பிடிக்காது. ஓட்டைக்குள் பிடித்திருந்தது.

ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஸ்டுடியோவில் பிலிம் ரோல் மாட்டித் தந்தார்கள். முதல் ரோலைக் கழுவிப் பார்த்தால் பாதிக்கு மேல் என் விரல்தான். ஸ்டுடியோக்காரர் சிரித்தார். "அம்மா, வெரலு மட்டும் தெளிவா வந்திருக்கு" என்றார். அடுத்த ரோலில் விரல் இல்லை. அவருக்குச் சிரிக்க ஒன்றும் கிடைக்கவில்லை.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்தைக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் வெளிச்சத்தைப் படிக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் ரோஜாத் தோட்டத்துக்குப் பூ வெட்டப் போனேன். வெளிநாட்டுக்குப் போகிற ரோஜா. பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வளர்ப்பார்கள். பாலிஹவுஸ் என்போம். வெயில் அந்தப் பிளாஸ்டிக்கில் பட்டு உள்ளே இறங்கும்போது பால் மாதிரி இருக்கும். யார் முகத்திலும் நிழல் கோடு விழாது. தலைக்குத் துணி கட்டிக்கொண்டு பூ வெட்டுகிற பெண்களை மதியச் சாப்பாட்டு நேரத்தில் எடுப்பேன். பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கையில் கொடுப்பேன். கொடுக்கிறேன் என்று சொன்ன படத்தை நான் கொடுக்காமல் விட்டதே கிடையாது. பெரிய ஸ்டுடியோக்காரர்கள்கூட அப்படிச் சொல்ல முடியாது.

அங்கே வேலை செய்தவர்கள் எல்லாம் ஒரே பாஷைக்காரர்கள் இல்லை. தெலுங்குக்காரர், கன்னடக்காரர், தர்மபுரிப் பக்கத்துத் தமிழர். ஓசூரில் ஒரு மரியாதை உண்டு. எவர் எந்தப் பாஷையில் கேட்கிறாரோ அந்தப் பாஷையில் பதில் சொல்ல வேண்டும். தெரிந்தும் சொல்லாவிட்டால் திமிர் பிடித்தவள் என்பார்கள். வாய் அதற்குப் பழகிவிட்டது. யோசிக்காமலே திரும்பும்.

வீட்டுக்காரர் காலமான பிறகு மகன் புதுக் கேமரா வாங்கித் தந்தான். ரோல் வேண்டாத கேமரா. அதன் தலையில் ஒரு சக்கரம் இருக்கும். கிட்டத்தில் எடுக்கப் பூப்படம், தூரத்துக்கு மலைப்படம், ஓடுகிறவரை எடுக்க ஓடுகிற ஆள் படம். என்னை மாதிரி ஆளுக்கென்றே செய்தது போலிருந்தது. வேலையையும் விட்டுவிட்டேன். சாமல்பட்டியில் என் அக்கா இருக்கிறாள். அவளைப் பார்க்கிற சாக்கில் பஸ் ஏறிப் போவேன். அவள் வீட்டில் ஒரு காபி குடித்துவிட்டுக் கல்லாவிப் பக்கம் பஸ் பிடித்துச் சுற்றுவேன். சந்தை, களத்துமேடு, ஏரிக்கரை. ஆட்களைத்தான் எடுப்பேன். சிலை, கோபுரம் எல்லாம் மற்றவர்கள் எடுக்கட்டும்.

எடுக்கும்போது எனக்கு ஒரு வழக்கம். பெயர் கேட்கமாட்டேன். பெயர் கேட்டால் ஆபீஸ்காரர் முன்னால் நிற்கிற மாதிரி முகம் இறுகிவிடும். கேமராவைத் தூக்கிக் காட்டிச் சிரிப்பேன். சரியென்று அவர்களும் சிரித்தால் எடுப்பேன். முகத்தை வைத்துத்தான் எனக்கு அடையாளம். அது போதும் என்று இருந்தேன்.

மாசி மாதம் ஒரு செங்கல் சூளையில் பிள்ளைகளை எடுத்தேன். கல்லாவிக்குச் சற்றுத் தள்ளி ஓர் ஊர். அந்த ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. வெளியூரிலிருந்து வந்து குடிசை போட்டுக் கல் அறுக்கிற குடும்பங்கள். பிள்ளைகள் உடம்பெல்லாம் செம்மண். சுடாத பச்சைக் கல் அடுக்கின் மேலே வரிசையாக உட்கார்ந்தார்கள். ஒருத்தி இடுப்பில் தம்பியை வைத்திருந்தாள். அவனுக்குப் பல் முளைக்கவில்லை. "படம் எப்பத் தருவ?" என்று கேட்டார்கள். "கொண்டாந்து தர்றேன்" என்றேன்.

எனக்கு மூட்டு வலி வந்து படுத்துவிட்டேன். போக ஆனி மாதம் ஆகிவிட்டது. பிரிண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு அந்த ஊரில் இறங்கினேன். மழை பெய்து சூளை நின்றுபோயிருந்தது. குடிசை ஒன்றுமில்லை. சாம்பல்தான் கிடந்தது. சூளை வேலை முடிந்தால் அவரவர் ஊருக்குப் போய்விடுவார்கள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

ஊருக்குள் நடந்தேன். பள்ளிக்கூடத்துக் குழாயடியில் பிள்ளைகள் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள். மதிய வேளை. நான் பிரிண்டுகளை எடுத்து ஒரு சிறுமியிடம் காட்டி, "இந்தப் புள்ளைங்க எங்க போச்சுன்னு தெரியுமா கண்ணு?" என்று கேட்டேன்.

அந்த வாரம் ஊரெங்கும் செல்போனில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருந்ததாம். பிள்ளை பிடிக்கிற கூட்டம் வந்திருக்கிறது, கிழவி வேஷத்தில் வருகிறார்கள், பல பாஷை பேசுகிறார்கள் என்று. என்னுடையது பட்டன் போன். அதில் எந்தச் செய்தியும் வராது.

சிறுமி தட்டைப் போட்டுவிட்டு ஓடினாள். ஏன் ஓடுகிறாள் என்று புரிவதற்குள் டீக்கடையிலிருந்து நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். ஒருவன் என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"ஏய் கெழவி, எந்தூரு நீ?"

"ஓசூரு சாமி. கைய வுடுப்பா."

"ஓசூருக்காரிக்கு எங்க ஊரு புள்ளைங்ககிட்ட என்னா வேல?"

நான் வாய் திறப்பதற்குள் பக்கத்தில் ஓர் அம்மாள் தெலுங்கில், "எவரம்மா நுவ்வு? ஏ ஊரு?" என்றாள். யாரம்மா நீ, எந்த ஊர் என்று. என் வாய் பழக்கத்தில் தெலுங்குக்குத் திரும்பியது. போட்டோ கொடுக்க வந்தேன் என்று தெலுங்கில் சொன்னேன். டீக்கடையில் லாரியை நிறுத்தியிருந்த டிரைவர் கன்னடத்தில் என்னவென்று கேட்டான். அவனுக்குக் கன்னடத்தில் சொன்னேன். ஓசூராக இருந்தால் இந்நேரம் உட்காரச் சொல்லியிருப்பார்கள்.

கையைப் பிடித்திருந்தவன் கத்தினான். "பாத்தீங்களா! ஆளுக்கொரு பாஷ பேசறா. சொன்ன மாதிரியே வந்திருக்கா!"

கழுத்தில் கிடந்த கேமராவை இழுத்துப் பறித்தார்கள். பையைப் பிடுங்கிக் கொட்டினார்கள். வெற்றிலைப்பை, மூக்குக் கண்ணாடி, மாத்திரை, பிறகு படங்கள். மண்ணில் விழுந்த ஒவ்வொன்றிலும் குழந்தைகள். கூட்டம் ஒரு நொடி சத்தமில்லாமல் நின்றது. அந்த ஒரு நொடி எனக்கு இன்றும் கனவில் வருகிறது. அதற்கப்புறம் வந்த அடிகூட வருவதில்லை.

"யாரு புள்ளைங்க இதுங்கோ? பேரு சொல்லு!"

"பேரு தெரியாதுப்பா."

"பேரு தெரியாத புள்ளைங்க போட்டோ உனக்கு என்னாத்துக்கு? இப்ப எங்க இதுங்கோ?"

"அதத்தாம்ப்பா நானும் கேக்கறேன்."

"கேட்டீங்களா? புள்ளைங்கள என்னா பண்ணோம்னு இவளுக்கே தெரியலயாம்!"

பின்னாலிருந்து யாரோ முதுகில் அடித்தார்கள். ஒரு பெண் கன்னத்தில் அறைந்தாள். அவள் இடுப்பில் குழந்தை இருந்தது. அது என்னைப் பார்த்து அழுதது. அறைந்தவள் முகத்திலும் பயம்தான். லைட்டுக் கம்பத்தில் கட்டு என்று ஒரு குரல். கயிறு கொண்டா என்று இன்னொரு குரல். இத்தனை வயதில் நான் பிறர் முன்னால் குனிந்ததில்லை. அன்றைக்குக் குனிந்தேன். கும்பிட்டேன். எனக்கும் பேரப்பிள்ளை இருக்கிறது என்று சொன்னேன். எந்தப் பாஷையில் சொன்னேன் என்று ஞாபகமில்லை.

யாரோ என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். இழுத்த வேகத்தில் ஒரு படியில் முழங்கால் இடித்தது. பார்த்தால் ஒரு பெண், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் நீளமான சாம்பார்க் கரண்டியோடு. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள்.

"நவுருங்கடா! இவள உள்ள போட்டுப் பூட்டறேன். போலீசு வர்ற வரைக்கும் ஒருத்தனும் கை வெக்கக்கூடாது. கெழவி செத்துகித்துப் போனா ஊரே ஜெயிலுக்குப் போவணும். போறீங்களா? யாரு மொதல்ல போற?"

அவள் என்னைச் சமையல் அறைக்குள் தள்ளித் தானும் உள்ளே வந்து தாழ்ப்பாள் போட்டாள்.

உள்ளே பருப்பு வாசனை. பெரிய அண்டாவில் மிச்சச் சோறு. நான் மூட்டைகளுக்குப் பக்கத்தில் சரிந்து உட்கார்ந்தேன். அவள் கதவோரத்தில், என்னிடமிருந்து எவ்வளவு தள்ளி உட்கார முடியுமோ அவ்வளவு தள்ளி உட்கார்ந்தாள். கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"நெசத்தச் சொல்லு. புள்ள புடிக்கிறவளா நீ?"

"ஏம்மா, என்னப் பாத்தா அப்பிடியா தெரியுது?"

"பாத்தாத் தெரியற மாதிரி வந்தா எந்தப் புள்ள மாட்டும்?"

"நம்பாதவ எதுக்கு என்ன உள்ள இழுத்த?"

"நாளைக்கும் நான் இங்கதான ஒல வெக்கணும். வாசல்ல பொணம் வுழுந்தா புள்ளைங்க சோறு திங்குமா?"

தண்ணீர் கேட்டேன். டம்ளரில் மொண்டு தரையில் வைத்து, கரண்டியால் என் பக்கம் தள்ளினாள். பாதி சிந்தியது. குடித்தேன்.

கதவை இடித்துக்கொண்டே இருந்தார்கள். ஜன்னல் கம்பிக்குள் கைகள் வந்தன. ஒவ்வொரு கையிலும் ஒரு செல்போன். நான் முந்தானையால் முகத்தை மூடினேன்.

"மூடாத" என்றாள் அவள். "மூடுனா இன்னும் சந்தேகப்படுவாங்கோ. தொறந்தே வெச்சிக்க."

திறந்தே வைத்திருந்தேன். அந்த ஜன்னலையும் கதவுத் தாழ்ப்பாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். தாழ்ப்பாள் ஆடுகிறபோதெல்லாம் அவளும் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே கேட்டாள்.

"அந்தப் படத்துல இருக்கறதுங்க சூளைப் புள்ளைங்களா?"

"ஆமா."

"ஒல்லியா ஒருத்தி, இடுப்புல தம்பியத் தூக்கிக்கினே திரியுவா?"

"அவளேதான்!"

"அதுங்கோ இங்கதான் வந்து சோறு திங்கும்" என்றாள். கரண்டியை மடியில் வைத்தாள். ஆனால் பக்கத்தில் வரவில்லை.

போலீஸ் வந்தது. மகனுக்குப் போன் போட்டார்கள். இத்தனை கூட்டமும் எந்தச் சந்து வழியாகக் கரைந்தது என்று தெரியவில்லை. கையைப் பிடித்தவன் மட்டும் நின்றான். "காலம் அப்பிடிம்மா, தப்பா நெனச்சிக்காத" என்று கேமராவைத் திருப்பித் தந்தான். வார் அறுந்திருந்தது. வந்த அதிகாரி அவனைத் திட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, "வயசான காலத்துல எதுக்கும்மா இந்த வேல? கோயிலு கொளம்னு இருக்கக் கூடாதா?" என்றார்.

மகன் கார் எடுத்துக்கொண்டு வந்திருந்தான். கிருஷ்ணகிரி தாண்டியதும், "பேரு கூடவாம்மா கேட்டு வெச்சிக்க மாட்ட?" என்றான். அழுதானா, கோபப்பட்டானா என்று திரும்பிப் பார்க்கவில்லை.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. ஜன்னல் வழியாக எடுத்த வீடியோ ஓசூருக்கு எங்களுக்கு முன்பே வந்துவிட்டது. பிடிபட்ட கிழவி என்று எழுதி, ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்கு. அது பொய் என்று போலீஸ் சொன்னதை யாரும் அனுப்பவில்லை. மருமகளிடம் கேட்டு வாங்கிப் பார்த்தேன். எடுத்தவனுக்குக் கை நிற்கவில்லை, கம்பி பாதி முகத்தை மறைக்கிறது, வெளிச்சம் பின்னாலிருந்து வருகிறது. இவ்வளவு மோசமாக எடுத்ததிலும் என் முகம் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லாமல் தெரிகிறது. நான் எத்தனையோ முகம் எடுத்தவள். அப்படி ஒரு பயந்த முகத்தை நான் எடுத்ததே இல்லை.

எங்கள் தெருவில் எல்லோருக்கும் என்னைத் தெரியும். அடுத்த தெருவில் தெரியாது. கம்பெனி வேலைக்கு வந்து குடியிருக்கிறவர்கள், மாதத்துக்கு ஒரு குடும்பம் மாறும். காய்கறி வண்டியிடம் போனேன். ஒரு பெண் என்னைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். தன் பிள்ளையைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். நான் தக்காளியை அப்படியே போட்டுவிட்டு வந்தேன். வேகமாக நடந்தால் ஓடுகிறாள் என்பார்களே என்று மெதுவாக நடந்தேன். வீடு வந்து சேரும் வரை முதுகு குறுகுறுத்தது.

அதற்குப் பிறகு வெளியே போவதை நிறுத்தினேன். யாராவது காலிங் பெல் அடித்தால் உள்ளறைக்குப் போய்விடுவேன். தெருவில் பிள்ளைகள் அழுதால் ஜன்னலைச் சாத்துவேன், இங்கேயிருந்துதான் சத்தம் வந்தது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று. மகன் கேமராவைப் பீரோவில் வைத்துப் பூட்டப் போனான். "பூட்ட வேண்டாம். நான் தொட மாட்டேன்" என்றேன். அவன் பூட்டி வைத்தால் அவன் தடுத்ததாக ஆகிவிடும். நானே தொடாமல் இருந்தால் அது என் விஷயம்.

பொங்கல் கழிந்து மகன் போனுக்கு ஓர் அழைப்பு வந்தது. சத்துணவுக்காரி. போலீஸ் விவரம் எழுதின அன்றைக்கு நம்பர் வாங்கி வைத்திருந்தாளாம்.

"சூளை ஆளுங்க வந்துட்டாங்கோ. அதே குடும்பந்தான். போட்டோக்காரம்மா எப்ப வரும்னு அந்தப் புள்ள தெனமும் என்னப் போட்டு அரிக்கறா. படம் இருக்கா, இல்ல எல்லாத்தயும் இவனுங்க மிதிச்சிட்டானுங்களா?"

"மறுபடி பிரிண்ட் போடலாம்" என்றேன்.

"அப்ப வா. பஸ் ஸ்டாப்புல நான் நிக்கறேன்."

மகன், கொரியரில் அனுப்பலாம் என்றான். சூளைக்கு என்ன விலாசம் எழுதுவாய் என்று கேட்டேன். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாம் என்றான். சரியான யோசனைதான். எனக்குத்தான் ஒப்பவில்லை. கொண்டுவந்து தருகிறேன் என்று சொன்னவள் நான். ஒரு வாரம் தள்ளிப் போட்டேன். போகலாம் என்று நினைத்தால் அந்த ஒரு நொடி அமைதி காதில் வரும். போக வேண்டாம் என்று நினைத்தால் என்மேலேயே எனக்கு வெறுப்பு வரும். கடைசியில் அவளுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பீரோவைத் திறந்து கேமராவையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஏன் எடுத்தேன் என்று கேட்டால் தெரியாது.

கிருஷ்ணகிரியில் ஊத்தங்கரை பஸ்ஸுக்கு மாறினேன். டிரைவருக்குப் பின்சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கல்லாவி வந்தது, போனது. அந்த ஊர் ஸ்டாப்பில் பஸ் நின்றது. சத்துணவுக்காரி நின்றிருந்தாள். பக்கத்தில் சூளைப் பெண்ணொருத்தி, அந்தத் தம்பிப் பயலை இடுப்பில் வைத்துக்கொண்டு. ஒல்லியான அந்தச் சிறுமியும் நின்றாள். வளர்ந்திருந்தாள். பின்னால் அதே டீக்கடை. பெஞ்சில் ஆட்கள். அதில் யார் யார் என்று என்னால் பார்க்க முடியவில்லை. பார்வை அங்கே போகவே மறுத்தது.

எழுந்திருக்கப் பார்த்தேன். மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

"எறங்கும்மா!" என்று கீழே நின்று கத்தினாள் சத்துணவுக்காரி. "என்னா ஒக்காந்துகினே இருக்க?"

"மாட்டேன்."

"ஒருத்தனும் ஒண்ணும் பண்ண மாட்டான். நான் இருக்கன்ல?"

"நீ இருந்தப்பதான் எல்லாம் நடந்துது."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஜன்னலுக்குக் கையை நீட்டினாள். புதிதாகப் போட்ட பிரிண்டுகள் இருந்த கவரை நான் அவள் கையில் வைத்தேன். சூளைப் பெண் அதை வாங்கி அங்கேயே பிரித்தாள். சிறுமி எக்கி எக்கிப் பார்த்து, படத்தில் இருந்த தன் முகத்தின்மேல் விரலை வைத்தாள்.

"ஆயா, இவனுக்குப் பல்லு மொளச்சிடுச்சி, பாரு!" என்று தம்பியின் உதட்டைத் தூக்கிக் காட்டினாள். "இன்னொரு போட்டோ எடு ஆயா!"

அவன் உதட்டைத் தூக்கினதற்கே சிரித்தான். புளியமரத்துக்கு அடியில் நல்ல வெளிச்சம் இருந்தது. கேமரா மடியில்தான் இருந்தது. டீக்கடைப் பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். டீக் கிளாசை வைக்கத்தான் எழுந்திருப்பான். என் இரண்டு கையும் கேமராவை முந்தானைக்குள் தள்ளி மூடின. நான் சொல்லி அவை செய்யவில்லை.

கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் நகர்ந்தது. சிறுமி கொஞ்ச தூரம் கூடவே ஓடி வந்தாள். அவள் ஓடி வருவதை யாராவது பார்த்து என்ன நினைப்பார்களோ என்று, திரும்பிப் போ, போ என்று கையை ஆட்டினேன்.

"ஏம்மா, ஒங்க ஸ்டாப்பு போயிடுச்சே!" என்றார் கண்டக்டர்.

"தெரியும் சாமி. ஊத்தங்கரைக்கு ஒரு டிக்கெட் குடு."